ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம்?

தேத்தண்ணீர்க் கடை நடத்தும் நம்மவர்கள் இருவர் ஓரிடத்தில் சந்தித்தால் முதலில் பேசுவது வாடகையைப் பற்றி. அடுத்தபடியாகப் பேசுவது, ஒரே ஒரு 'தே தாரிக்' வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாத மனிதரைப் பற்றி. "எழுந்து போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை நானா, சொல்லாமல் இருந்தாலோ கல்லா காலியாகிறது" என்பார் ஒருவர். "சொல்லித்தான் பாரேன் தம்பி, நாளைக்கு அவரோடு நாலு பேர் சேர்ந்து எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள்" என்பார் மற்றவர். பேச்சு சிரிப்பில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு நியாயப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அதனைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

கேள்வி இதுதான். ஒருவர் ஒரு கோப்பைக்குக் காசு கொடுக்கும்போது எதனை வாங்குகிறார்? கோப்பையிலுள்ள பானத்தை மட்டுமா, அல்லது நாற்காலியையும் அதற்கு மேலே சுற்றும் விசிறியையும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பேச்சையும் சேர்த்தா? பானத்தை மட்டுமே என்றால், குடித்து முடித்தவுடன் அவருடைய உரிமை தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்திருப்பது கடைக்காரரின் தயவு. இடத்தையும் சேர்த்துத்தான் என்றால், எவ்வளவு நேரத்துக்கு? அதை நிர்ணயிப்பவர் யார்? இன்னும் ஒரு படி மேலே போவோம். இருபது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கடையை ஊரறியச் செய்தவர்களுக்கு அந்தக் கடையில் ஏதேனும் பாத்தியதை உண்டா, இல்லையா?

நமது சமூகத்துக்கு இது ஏட்டளவிலான கேள்வியன்று. பினாங்கில் காவடித் தடியின் இரு முனையிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அந்தச் சுமைத்தடியின் பெயரே 'நாசி கண்டார்' என்னும் உணவின் பெயராக நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் சர்பத் கடை போட்டு இஞ்சித் தேத்தண்ணீர் ஆற்றியவர்களும் நம்மவர்களே. ஐந்தடிப் பாதையிலும் மரத்தடியிலும் நடந்த அந்த வியாபாரத்துக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை. பெஞ்சி ஒன்று இருந்தால் அதுவே கடை. சிங்கப்பூர் அரசாங்கம் 1968, 1969ஆம் ஆண்டுகளில் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தபோது அவர்கள் சுமார் 18,000 பேர் இருந்தார்கள். 1971 முதல் 1986 வரை அவர்களுக்கென உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. தெரு போயிற்று, குழாய்த் தண்ணீரும் கூரையும் கிடைத்தன. பெஞ்சியில் உட்காரும் பழக்கம் மட்டும் கூடவே நடந்து வந்து புதிய கூரையின் கீழும் உட்கார்ந்துகொண்டது.

ஊர்விட்டு ஊர் வந்த மனிதனுக்கு அந்தப் பெஞ்சி எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் மூத்தவர்களுக்குத் தெரியும். கடிதம் வரும் முகவரி கடைதான். வேலை எங்கே காலியிருக்கிறது என்ற செய்தி முதலில் வந்து சேரும் இடமும் கடைதான். படிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு தாள் பத்திரிகைக்குப் பத்து வாசகர்கள்! 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோன செய்தியைக் கேட்டுச் சில முதியவர்கள் முதலில் நினைத்துப் பார்த்தது ஏதோ ஒரு கடையின் முன்வரிசைப் பெஞ்சியைத்தான் என்றால் அது மிகையாகாது.

பானம் மட்டுமே விற்கப்படுகிறது என்று வாதாடுவோருக்குக் காலமே ஒரு பரீட்சை நடத்திக் காட்டிவிட்டது. 2020ஆம் ஆண்டு கிருமிப் பரவலின்போது மலேசியாவில் மார்ச் 18 முதலும், சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதலும் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது தடுக்கப்பட்டது. பொட்டலம் கட்டி விற்பதற்குத் தடையில்லை. அதே தூள், அதே பால், அதே கை, அதே விலை. பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கட்டி, உறிஞ்சு குழாய் செருகிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்தவர்கள் என்ன சொன்னார்கள்? "தேத்தண்ணீர் என்னவோ அதேதான், ஆனால் குடித்த மாதிரி இல்லை" என்றார்கள். பானத்தில் குறையில்லை என்றால் குறைந்தது எது? நாற்காலி, எதிர் முகம், "என்ன மாமா, நேற்று ஆளைக் காணோமே" என்ற ஒரு கேள்வி. இவற்றுக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. எனினும் இவற்றையும் சேர்த்தே நாம் இத்தனை காலமாக வாங்கி வந்திருக்கிறோம்.

உலக நிறுவனமாகிய யுனெஸ்கோ இதனை ஒப்புக்கொண்டது போலத்தான் தோன்றுகிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தையும், 2024 டிசம்பரில் மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பழக்கத்தையும் அது மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. சேர்க்கப்பட்டது ரொட்டி மாவும் தேயிலைத் தூளும் அன்று; பல இனத்தார் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்து உண்ணும் வழக்கம். மேசையைத்தான் பாராட்டினார்கள், மெனுவை அல்ல.

அரசர்களும் அதிகாரிகளும் இதனை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் புரிந்துகொண்டது பயத்தினால். 1511இல் மக்கா நகரில் அதிகாரம் செலுத்திய காயிர் பேக் காப்பியைத் தடை செய்தார். பானம் ஆகுமா ஆகாதா என்பது வெளிவாதம். அதைச் சுற்றி இரவில் கூடிய கூட்டம் அவர் கண்ணை உறுத்தியது என்பது உள்விவகாரம். தடை நிலைக்கவில்லை. 1675இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காப்பிக்கடைகளை மூடும்படி பிரகடனம் செய்தார். எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அதைக் கைவிட்டார். அதே லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவரின் காப்பிக்கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசிய பேச்சிலிருந்துதான் உலகப் புகழ்பெற்ற 'லாயிட்ஸ்' காப்புறுதிச் சந்தை பிறந்தது. வெறும் பானத்தைக் கண்டு எந்த மன்னரும் நடுங்கியதில்லை.

இவ்வளவும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கட்சி. கடைக்காரரின் கட்சியையும் கேட்பதே நியாயம். அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எளிதாக இருக்கட்டும் என்று நாமாகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். வாடகை, கூலி, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு கடைக்கு மாதம் 12,000 வெள்ளி செலவு. அதாவது நாளொன்றுக்கு 400. சரக்கு விலை போக ஒரு கோப்பையில் மிஞ்சுவது அரை வெள்ளி. அப்படியானால் கையைக் கடிக்காமல் இருக்கவே தினம் 800 கோப்பை விற்றாக வேண்டும். நாற்காலி 40 என்றால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நாளில் 20 பேர் மாறி மாறி உட்கார வேண்டும். கடை 16 மணி நேரம் திறந்திருந்தால், ஒரு கோப்பைக்கு விழும் நேரம் 48 நிமிஷம். அதுவும் அதிகாலை முதல் நள்ளிரவு வரை ஒரு நாற்காலிகூடக் காலியில்லாமல் இருந்தால்! அப்படி எந்தக் கடை இருக்கிறது? ரொட்டியும் கறியும் கைகொடுப்பதால்தான் தேத்தண்ணீர்க் கடைகள் நிற்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும். தேத்தண்ணீரை மட்டும் நம்பியவர் தேத்தண்ணீரிலேயே கரைந்து போவார்.

ஆகவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் கடைக்காரரின் பையில் கைவிட்டு எடுப்பவரா? ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பகல் பன்னிரண்டரை மணிக்கு, சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இடம் தேடி நிற்பவர்கள் இருக்க, வெறுங் கோப்பையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கடைக்காரருக்கு மட்டுமல்ல, நிற்பவருக்கும் அநியாயம் செய்கிறார். அதே மனிதர் பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முப்பது நாற்காலிகள் சும்மா கிடக்கின்றன. விசிறி எப்படியும் சுற்றுகிறது. காலியான கடைக்குள் நுழைய எவருக்கும் மனம் வராது. நாலு தலை தெரிந்தால்தான் ஐந்தாவது தலை உள்ளே வரும். அந்த முதியவர் அறியாமலே கடைக்கு விளம்பரப் பலகையாக உட்கார்ந்திருக்கிறார். கூலி கேட்காத பலகை!

'ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம்' என்று அட்டை எழுதி மாட்டுகிற கடைகள் இப்பொழுது சில வந்திருக்கின்றன. சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் உள்ள வேற்றுமை அட்டைக்குத் தெரியாது. வாடிக்கைக்காரருக்குத் தெரியும், தெரிந்தவர் கூட்டத்தைக் கண்டதும் தாமாகவே எழுந்து, "உட்காருங்கள் தம்பி" என்று இடம் விட்டுப் போகிறார். அட்டை மாட்டியபின் அவரும் எழமாட்டார். "இன்னும் பத்து நிமிஷம் எனக்குப் பாக்கி இருக்கிறது" என்று கடிகாரத்தைக் காட்டுவார். தயவாகக் கொடுத்தும் வாங்கியும் வந்த ஒன்றை உரிமையாக அளந்து கொடுத்துவிட்டால், அளந்த அளவுக்குமேல் எவரும் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இது நாம் பல இடங்களில் கண்டறிந்த உண்மை.

கடைக்காரரின் இன்முகத்தைப் பற்றியும் ஒரு சந்தேகத்தைச் சிலர் கிளப்புவதுண்டு. "அவர் உம் பெயரை நினைவில் வைத்திருக்கிறார், சர்க்கரை குறைத்துக் குடிப்பீர் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறார், எல்லாம் காசுக்காகத்தானே? விலைக்கு விற்கிற அன்பு அன்பாகுமா?" என்பது அவர்களுடைய கேள்வி. கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை வைத்தியரிடமும் உபாத்தியாயரிடமும் கேட்டுப் பார்க்கட்டும். கூலி வாங்கிக்கொண்டு கைநாடி பிடிக்கும் வைத்தியருக்கு நோயாளியின்மீது அக்கறையே இருக்க முடியாது என்றா சொல்வது? மனித மனத்தில் ஒரு காரியத்துக்கு ஒரே ஒரு நோக்கம் மட்டும் இருப்பது அபூர்வம். இலாபமும் பிரியமும் ஒரே கல்லாப் பெட்டியில் கலந்து கிடப்பதுதான் உலக இயல்பு.

இதற்குச் சாட்சி சொல்லும் ஒரு வார்த்தை நம்மிடமே இருக்கிறது. மலாய்ச் சகோதரர்கள் நம்மவர் கடைகளை 'மாமாக்' கடை என்கிறார்கள். அது 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் மிட்டாயும் பத்திரிகையும் விற்கும் சின்னக் கடைக்கும் 'மாமா கடை' என்றே பெயர். அந்தச் சொல் சிலர் வாயில் ஏளனமாகவும் ஒலித்ததுண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் எண்ணிப் பாருங்கள். மாமன் முறை என்பது காசு கொடுத்து வாங்குகிற பொருளா? வேறு மொழி பேசும், வேறு இனத்தைச் சேர்ந்த வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்குள் நுழையும்போதே தாய்மாமனை அழைப்பதுபோல் அழைத்துக்கொண்டு நுழைகிறார். அழைக்கப்பட்டவரும் 'என்ன வேண்டும்' என்று கேட்கிறார். வியாபாரம்தான் நடக்கிறது, ஆனால் உறவின் மொழியில் நடக்கிறது. உறவின் மொழியில் வியாபாரம் செய்பவருக்கு, உறவின் கடமைகளும் கொஞ்சம் வந்து ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

அவை ஒட்டியிருக்கின்றனவா என்பதை எவ்வாறு கண்டறிவது? சிரிப்பை வைத்து அறிய முடியாது, சிரிப்புக்குச் செலவில்லை. செலவு வருகிற இடத்தில் பார்க்க வேண்டும். மலாயாவில் கடை வைத்திருந்தவர்களுக்கு '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அந்த நோட்டில்தான் ஒரு வட்டாரத்தின் மாதக் கடைசி முழுவதும் எழுதப்பட்டிருக்கும். இன்னார் மூன்று தேத்தண்ணீர், இன்னார் இரண்டு ரொட்டி, இன்னார் சம்பளம் வந்ததும் தருவார். அதில் சில பெயர்களுக்கு நேரே பல மாதமாகக் கோடு விழாமலே இருக்கும். அந்தப் பெயர்களைக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் மாமாவா, வெறும் முதலாளியா என்பது வெளியாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எழுதாமல் விடுவதுதான் தயாளம் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுதப்படாத கடன் வாங்கியவனைப் பிச்சைக்காரனாக்கிவிடுகிறது; எழுதப்பட்ட கடன் அவனைக் கடனாளியாக, அதாவது நாளைக்குத் திருப்பித் தரக்கூடிய மனிதனாக, மதிக்கிறது. திருமறையில் பகரா அத்தியாயத்தில் கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும் கட்டளையும், கடனை எழுதி வைக்கும் கட்டளையும் மிக அருகருகே அமைந்திருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். எழுதுவதும் பொறுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வேலை போன மனிதன் கடன் நோட்டில் தன் பெயர் இருக்கும் கடையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறான் என்றால், அந்தக் கடைக்காரர் எழுதத் தெரிந்தவர், பொறுக்கத் தெரியாதவர். "கணக்குக் கிடக்கட்டும், உட்கார்ந்து குடித்துவிட்டுப் போங்கள்" என்று தெருவிலிருந்து அழைத்து உட்கார வைத்தாரானால், அவர் கொடுத்தது ஒரு கோப்பை அன்று. அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இப்பொழுது கைப்பேசியில் கட்டத்தைக் காட்டிக் காசு செலுத்தும் முறை வந்துவிட்டது. சௌகரியமானதுதான். ஆனால் 'நாளைக்குத் தருகிறேன்' என்பதை அந்தக் கட்டத்திடம் சொல்ல முடியாது.

இதுவரை உட்கார்ந்திருப்பவரையும் கல்லாவில் இருப்பவரையும் பற்றியே பேசினோம். நின்றுகொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். கடைகளைப் பற்றியும் அவற்றைச் சுற்றி வளரும் நட்பைப் பற்றியும் எழுதுவோர் பெரும்பாலும் மறப்பது இவரைத்தான். 1989இல் அமெரிக்க சமூகவியல் அறிஞர் ரே ஓல்டன்பர்க் ஒரு நூல் எழுதினார். வீடு மனிதனுக்கு முதல் இடம், வேலைத்தலம் இரண்டாம் இடம், காப்பிக்கடை போன்று மக்கள் கூடிக் களைப்பாறும் இடம் மூன்றாம் இடம் என்றார் அவர். அழகான பெயர், உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் அந்த எண்ணிக்கை நாற்காலியில் இருந்து எண்ணப்பட்டது. அடுப்புக்கு முன்னே நின்று இரு குவளைகளுக்கிடையே தேத்தண்ணீரை இழுத்து இழுத்து ஆற்றுகிற தம்பிக்கு அது மூன்றாம் இடமா? அவருக்கு அது இரண்டாம் இடம். கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேரோடு பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால் அதுவே முதல் இடமும் ஆகிறது. மூன்றாம் இடம் என்று ஒன்று அவருக்கு இந்த ஊரில் இல்லவே இல்லை.

நமது வட்டாரத்தின் ஒற்றுமை அவருடைய கால்வலியின்மேல் நிற்கிறது என்பதை உணர்ந்துதான் நாம் இரவு ஒரு மணி வரை உலக விவகாரம் பேசுகிறோமா? பெரிய திரையில் பந்தாட்டம் பார்த்து நள்ளிரவில் ஆரவாரம் செய்யும்போது, கோப்பை பொறுக்கிக்கொண்டிருக்கும் பையன் காலை எத்தனை மணிக்கு எழுந்தான் என்று எவராவது கேட்டதுண்டா? இராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்தோ தஞ்சைக் கடற்கரையிலிருந்தோ முகவருக்குப் பணம் கட்டி, வேலை அனுமதி பெற்று வந்தவன் அவன். அந்த அனுமதி ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடந்து போய்விடும் சுதந்திரம் வாடிக்கைக்காரருக்கு உண்டு. அவனுக்கு அது எளிதன்று. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வேலைச் சட்டம் வரையறுக்கிறது, சிங்கப்பூரில் 44. அதற்கு மேற்பட்டால் மேலதிகச் சம்பளம் தர வேண்டும். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கடைகள் உண்டு. "ஊர்ப் பையன்தானே, நம் பிள்ளை மாதிரி" என்று சொல்லிக்கொண்டே சட்டத்தை மறப்போரும் உண்டு. நம் பிள்ளையை நாம் பதினாறு மணி நேரம் நிற்க வைப்போமா? உறவுச் சொல் கணக்கை மறைப்பதற்குப் பயன்பட்டால், சற்றுமுன் நாம் புகழ்ந்த அதே 'மாமா' என்ற சொல் கொடுமைக்குப் போர்வையாகிவிடும். வெளியாரிடம் உறவு கொண்டாடுவதற்கு முன், அடுப்படியில் நிற்பவரிடம் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

கூட்டம் கூடும் இடமெல்லாம் நல்லிடம் என்று எண்ணுவதும் பிழை. பழகியவர்கள் ஒரு மேசையைத் தமக்கென்று பிடித்துக்கொண்டால், புதிதாய்க் குடிவந்தவர் வாசலில் தயங்கித் திரும்பிப் போகிறார். புறம் பேசுவதற்கும் அதே மேசைதான் வசதி. ஒரு காலத்தில் தேத்தண்ணீர்க் கடைப் பெஞ்சியில் நம் பெண்மக்கள் உட்கார்ந்ததில்லை. பிள்ளைகளின் கையில் பாத்திரத்தைக் கொடுத்து வாங்கிவரச் சொல்வார்கள். 'ஊரே கூடுமிடம்' என்று அப்போது பெருமையாகச் சொன்னபோது, ஊரில் பாதி வெளியே நின்றது என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்று தாயும் மகளும் சேர்ந்து வந்து உட்காருகிறார்கள். வேலை முடித்த தாதிப் பெண் நடு இரவில் தனியாக வந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பழைய கடைகளின் பெருமையைப் பேசும் பெரியவர்கள் இந்த ஒரு காரியத்திலாவது புதிய கடைகள் மேலானவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். 2022இல் சிங்கப்பூரின் தெம்பனீஸ் வட்டாரத்தில் ஒரு காப்பிக்கடை 4 கோடியே 16 லட்சம் வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. செய்தியைப் படித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த விலை எதற்கு? சுவருக்கும் தரைக்கும் அவ்வளவு விலை வராது. சுற்றிலும் குடியிருக்கும் ஆயிரக்கணக்கான மக்கள் தினந்தோறும் அங்கே வந்து உண்பார்கள் என்ற நிச்சயத்துக்குத்தான் அந்த விலை. அதாவது, வாடிக்கைக்காரர்களின் பழக்கமே பணமாக மாறி விற்பவரின் பைக்குள் போகிறது. பழகியவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அடுத்து வருபவர் போட்ட பணத்தை எடுக்க வாடகையை ஏற்றினால், ஏறிய வாடகை கோப்பையின் விலையில் வந்து இறங்கும். தம் பழக்கத்துக்குத் தாமே விலை கொடுக்கிறார்கள்!

இதைச் சொல்வதனால், கடையை விற்கக்கூடாது என்று நாம் கூற வரவில்லை. நாற்பது வருஷம் நெருப்புக்கு முன் நின்ற மனிதர், முழங்கால் தேய்ந்தபின், பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போனபின், தம் உழைப்பை விற்று ஓய்வு பெறுவதைத் தடுக்க எவருக்கு அதிகாரம்? "ஐயோ, இந்தக் கடை போய்விடுகிறதே" என்று கண்ணீர் விடுவோரில் எத்தனை பேர், விலை இருபது காசு ஏறியபோது முணுமுணுக்காமல் கொடுத்தவர்கள்? எத்தனை பேர் தம் மகனை அந்த அடுப்புக்கு முன் நிற்க அனுப்பச் சம்மதிப்பார்கள்? மற்றவர் பிள்ளைகளின் தோளில் மரபைச் சுமக்க வைத்துவிட்டு நாம் நாற்காலியில் சாய்ந்துகொள்வது நியாயமாகாது. வாடிக்கைக்காரருக்குச் சொத்துரிமை கிடையாது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் சொத்துரிமை இல்லாத இடத்திலும் மரியாதை உண்டு. வாடகைக்கு இருப்பவனைக்கூட முன்னறிவிப்பில்லாமல் வெளியேற்றுவதில்லை. ஒரு நாள் காலையில் இரும்புக் கதவு இறக்கப்பட்டு, அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டு, வழக்கமாக வரும் முதியவர் கைத்தடியோடு திகைத்து நிற்பது நாம் காணாத காட்சியன்று. அவருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சிப்பந்திகளுக்கு வேறு கடையில் இடம் பேசிவைக்கலாம். அவர்களுடைய சம்பள பாக்கியை விற்ற பணம் கைக்கு வருமுன்பே தீர்க்கலாம். மூன்று மணிக் கூட்டத்தாரிடம், "இன்ன தெருவில் இன்ன கடையில் இடம் தாராளமாக இருக்கிறது, அந்தக் கடைக்காரரிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்" என்று கூறலாம். தன் வாடிக்கையை இன்னொரு கடைக்காரருக்குக் கையைப் பிடித்து ஒப்படைப்பது வியாபாரத்தில் எங்கும் இல்லாத வழக்கமாயிற்றே என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.

அந்த 555 நோட்டு இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் கடைக்காரர்களிடையே இன்னும் ஒரே அபிப்பிராயம் ஏற்படவில்லை. மூடுகிற மாதத்தில் வசூலிக்க முடிந்ததை வசூலித்துவிட வேண்டும் என்பார் சிலர். கிழித்துப் போட்டுவிட்டு மனம் இலேசாகப் போகலாம் என்பார் சிலர். நமக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மீதியிருக்கும் பெயர்களுக்கு உரியவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு கோப்பையை முன்னால் வைத்து, அவர் பார்க்கவே அந்தப் பெயரின்மேல் கோடு போட்டுவிடுவது. கொடுக்க முடிந்தவர் அப்போதே எடுத்துக் கொடுப்பார். முடியாதவர் கோப்பையைக் குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் சரி.